பழக்கிவிட்ட சங்கத்துக்கும் பங்கு உண்டு



மன்னார்குடிப் பையன் ஒருவன் 12 வயதில் உள்ளூர் கால்பந்து சங்கத்தில் சேர்கிறான் என்று வையுங்கள். வளர்ந்து பெரிய அணிக்குப் போகிறான். ஒப்பந்தம் முடியும் முன்பே வெளிநாட்டு அணி ஒன்று, ஒரு கோடி ரூபாய் கொடுத்து அவனை எடுத்துக்கொள்கிறது. நம்மூர் சங்கத்துக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயதுவரை அவனைப் பழக்கிய சங்கங்களுக்கு என்கிறது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்குக் கால் சதவீதம். அதன்பின் அரை சதவீதம். ஆக, முதல் நான்கு வருஷம் மட்டும் பழக்கியிருந்தாலே ஒரு லட்ச ரூபாய். சின்ன சங்கத்துக்கு இது சின்னத் தொகையா என்ன! 2017-இல் கால்பந்து வீரர் நெய்மார் 22 கோடியே 20 லட்சம் யூரோவுக்குப் பாரிஸ் அணிக்குப் போனபோது, அவரை வளர்த்த பிரேசிலின் சாண்டோஸ் சங்கத்துக்கும் இப்படிப் பங்கு உண்டானது.

நம் மாநிலத்திலும் சென்னை வியாசர்பாடித் தெருக்களில் பந்து பழகிய தனபால் கணேஷ், ‘சென்னையின் எஃப்சி’ அணி வரை போய்க் கோப்பை வென்ற அணியில் ஆடியிருக்கிறார். திறமைக்குப் பஞ்சமில்லை, பதிவேட்டில்தான் கோட்டைவிடுகிறோம். சங்கம் தேசியக் கூட்டமைப்போடு இணைந்திருக்க வேண்டும், பையனின் பெயர் அந்தச் சங்கத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையேல் பங்கு கேட்க வழியில்லை.

பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், கட்டணத்தை விசாரிக்கும்போதே பதிவையும் விசாரித்துவிடுங்கள்.