வானத்துப் படமும் கழித்தற் கணக்கும்



சில காலத்துக்கு முன் எமது பாடசாலை நூலகத்தில் மாணவர்க்கு ஒரு படத்தைக் காட்டினேன். வாயுவும் தூசும் திரண்ட மூன்று பெருந்தூண்கள் விண்வெளியிலே நிமிர்ந்து நிற்கும் படம் அது. கழுகு வான்முகில் என்னும் பகுதியில் உள்ள அத்தூண்களை 1995ஆம் ஆண்டில் ஹபிள் விண்தொலைகாட்டி படம்பிடித்தது. ஒரு மாணவி நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, "ஐயா, இது கமரா தந்தபடியே உள்ளதா, மனிதர் திருத்தியதா?" என்று கேட்டாள். திருத்தியதே என்றேன். "அவ்வாறாயின் இதனை எப்படி நம்புவது?" என்றாள். கலைத்துறையிற் கற்றவனாகிய என்னிடம் அப்பொழுது விடை இருக்கவில்லை. பின்னர் தேடிக் கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஹபிள் 1990 ஏப்பிரல் 24ஆந் திகதி விண்ணுக்கு அனுப்பப்பட்டது. அத்தூண்களைப் படம்பிடித்த கமரா 1993 திசெம்பரிற் பொருத்தப்பட்டு 2009 வரை பணியாற்றியது. அதனுள்ளே படச்சுருள் கிடையாது. நான்கு சிலிக்கன் தகடுகளே இருந்தன. ஒவ்வொரு தகடும் நெடுக்கில் 800, குறுக்கில் 800 என 640,000 சிறு கட்டங்களைக் கொண்டது. ஒளி விழும் கட்டத்திலே இலத்திரன்கள் சேரும். எவ்வளவு சேர்ந்தன என்பதைக் கமரா 0 முதல் 4095 வரையுள்ள ஓர் எண்ணாக்கித் தரும். ஆகவே, பூமிக்கு வந்து சேர்வது படமன்று, எண்களின் அட்டவணையே.

அவ்வெண்கள் முழுவதும் வானத்துக்கு உரியவையல்ல என்பதிலேதான் சிக்கல் இருக்கிறது. எண்ணெயைப் போத்தலோடு சேர்த்து நிறுத்தால், தராசு காட்டுவது எண்ணெயின் நிறை மட்டுமா? வெறும் போத்தலின் நிறையை அறிந்து கழித்தல் வேண்டுமன்றோ! விண்படத்துக்கும் அக்கணக்கே பொருந்தும்.

முதலாவதாக, ஒளியே படாத வேளையிலும் கமராவின் மின்சுற்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிறு எண்ணைச் சேர்த்தே தரும். ஒளி புகவிடாது வெற்றுப் படம் எடுத்து, அந்த எண்ணை அளந்து கழிக்கின்றனர். இரண்டாவதாக, தகட்டின் வெப்பத்தாலும் இலத்திரன்கள் தோன்றும். அதனைக் குறைக்கவே தகடுகள் பூச்சியத்துக்குக் கீழ் 88 பாகை செல்சியசிற் குளிர்வித்து வைக்கப்பட்டன. எஞ்சியதை, கமராவின் வாயிலை மூடி இருளிலே நெடுநேரம் படமெடுத்து அளந்து, அதனையும் கழித்தனர்.

மூன்றாவதாக, எல்லாக் கட்டங்களும் ஒளியை ஒரே அளவில் உணர்வதில்லை. மழையில் வைத்த பாத்திரங்களுள் வாயகன்றது மிகுதியாகவும் வாய் குறுகியது குறைவாகவும் நீர் பிடிப்பதைப் போன்றது இது. சீரான ஒளிப்பரப்பு ஒன்றைப் படம்பிடித்தால் அவ்வேறுபாடு வெளிப்படும். பகலொளி பட்ட பூமியின் முகமே இதற்குப் பயன்பட்டதுண்டு. அவ்வாறு கண்ட அளவினால் ஒவ்வோர் எண்ணையும் வகுத்துச் சமன்செய்தனர்.

நான்காவது இடர் விண்ணிலிருந்தே வருவது. அண்டக்கதிர்த் துணிக்கைகள் தகட்டிற் பாய்ந்து, விண்மீன் போன்ற பொய்ப்புள்ளிகளை உண்டாக்கும். எனவே ஒரே இடத்தைப் பலமுறை படமெடுத்து ஒப்பிடுவர். மெய்யான விண்மீன் எல்லாப் படங்களிலும் நிற்கும். ஒன்றிலே மட்டும் தோன்றிய புள்ளி தள்ளப்படும். பல சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புக் கூறுவது போன்றது இம்முறை.

இக்கணக்குக்கும் ஓர் எல்லையுண்டு. ஹபிளின் 2.4 மீற்றர் அகலமான ஆடி விளிம்பிலே பிழையாகத் தீட்டப்பட்டிருந்தது. பிழையின் அளவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கேயாயினும், படங்கள் கலங்கின. கணினியின் துணையால் ஒளிமிக்க பொருள்களை ஓரளவு தெளிவாக்க முடிந்தது. ஆனால் மங்கலான பொருள்களின் சிதறிய ஒளியை எண்களால் மீட்க இயலவில்லை. மிகைப்படக் கணக்கிட்டால் இல்லாதது இருப்பதுபோலத் தோன்றும் அபாயமும் இருந்தது. ஆகையால் 1993இல் விண்வெளி வீரர் சென்று, பிழையை ஈடுசெய்யும் சிறு ஆடிகள் கொண்ட புதிய கமராவைப் பொருத்தினர்.

அதன் பயனை 1995 திசெம்பரில் உலகம் கண்டது. சப்தரிஷி மண்டலத்திலே வெறுமையாகத் தோன்றிய, முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கேயான சிற்றிடத்தை ஹபிள் பத்து நாள் நோக்கியது. 342 படங்கள் எடுக்கப்பட்டன. கழிக்க வேண்டியவற்றைக் கழித்து அவற்றை ஒன்றுசேர்த்தபோது, ஏறக்குறைய 3,000 விண்மீன் மண்டலங்கள் வெளிப்பட்டன. கமராவின் குறையை அளவாது விட்டிருந்தால், அவற்றுள் மிக மங்கியவற்றை வெற்றிருளினின்றும் பிரித்தறிந்திருக்க முடியாது.

நிறத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். தகடு ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியாது. வெவ்வேறு வடிகளின் வழியே எடுத்த படங்களுக்குப் பின்னரே நிறம் ஊட்டப்படுகிறது. தூண்களின் படத்திற் கந்தகத்துக்குச் சிவப்பும், ஐதரசனுக்குப் பச்சையும், ஒட்சிசனுக்கு நீலமும் வழங்கப்பட்டன. தேசப்படத்தில் மலைக்கும் சமவெளிக்கும் நிறம் தீட்டுவதைப் போன்ற குறியீடு இது. நேரிற் சென்றால் கண்ணுக்கு அந்நிறங்கள் தோன்றா. எந்நிறம் எதனைக் குறிக்கும் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் இதில் வஞ்சனை இல்லை.

மாணவிக்கு நான் பின்னர் கூறிய விடை இதுதான்: திருத்தம் என்ற சொல் ஒன்றேயாயினும் செயல் இருவகைப்படும். விரும்பியதைச் சேர்ப்பது ஒன்று. தன் கருவியின் குறையை அளந்து நீக்குவது மற்றொன்று. ஹபிளின் மூல எண்கள் இன்றும் காப்பகத்திலே பேணப்படுகின்றன. எவரும் அவற்றைப் பெற்று அக்கணக்கை மீண்டும் செய்து பார்க்கலாம். அவ்வாறு சோதித்துப் பார்க்க இடமிருப்பதாலேயே அப்படத்தை நம்புகிறோம்.

அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் அந்த எண்களை நாங்களும் பார்க்கலாமா, ஐயா?" என்று கேட்டாள். ஓர் ஆசிரியனுக்கு இதனினும் இனிய கேள்வி வேறு எது?