ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு வாடகைச் சைக்கிள்! காசில்லாமல் ஓட்டுக் கேட்ட தொண்டர்கள்

தேர்தல் என்றால் பணம் வேண்டும். கார் வேண்டும். மைக் வேண்டும். அச்சடித்த நோட்டீஸ் வேண்டும்.

இவை ஒன்றும் இல்லாதவர்கள் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருப்பதா?

1950, 1960-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் இந்தக் கேள்விக்குக் கையாலும் காலாலும் பதில் சொன்னார்கள். ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு பொட்டலம் நீலம், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஒரு சைக்கிள். அவர்களுடைய மூலதனம் அவ்வளவுதான்!

பெயரை விடச் சின்னம் பெரிது

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தது. 1951-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி நாட்டில் 100 பேரில் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மற்றவர்களுக்கும் ஓட்டு உண்டே! அவர்களுக்காக வந்ததுதான் தேர்தல் சின்னம்.

அப்போது சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டும்.

ஆகவே, வேட்பாளரின் பெயர் மறந்தாலும் பாதகம் இல்லை. சின்னம் மறக்கக் கூடாது. அதை மனதில் பதிய வைப்பதுதான் தொண்டரின் முதல் வேலை.

காங்கிரசின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. இதை வரைவது கஷ்டம். ஆனால், எந்த ஊரிலும் உயிருள்ள காளைகள் உண்டு. வண்டி மாட்டுக்குக் கொம்பிலே காகிதப் பூச் சுற்றி ஊரை வலம் வந்தால் போதும், அதுவே விளம்பரம்!

கம்யூனிஸ்டுகளின் சின்னம் கதிர் அரிவாள். அறுப்பு அறுப்பவர் கையில் அது எப்போதும் இருப்பது.

தி.மு.க.வின் உதயசூரியன் வரைவதற்கு மிக எளிது. இரண்டு மலை, நடுவே அரை வட்டம், சுற்றிலும் நாலைந்து கோடு. கரிக்கட்டை கிடைத்தால் சிறு பிள்ளையும் வரைந்துவிடும். வாசலில் கோலமாகவும் போடலாம்.

பிற்காலத்திலும் இதே கதைதான். அ.தி.மு.க. சந்தித்த முதல் தேர்தல், 1973-ல் நடந்த திண்டுக்கல் இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. இரண்டு விரலை உயர்த்திக் காட்டினால் சின்னம் தெரிந்துவிடும். காலணாச் செலவில்லை! மாயத்தேவர் வெற்றி பெற்றார்.

சுவர் பிடிக்கும் போட்டி

இருட்டியதும் தொண்டர்கள் புறப்படுவார்கள். ஒருவர் கையில் அரிக்கேன் விளக்கு, இன்னொருவர் கையில் வாளி. முதலில் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். முதலில் வெள்ளையடித்தவருக்கே சுவர் சொந்தம்! அதன்மேல் நீலத்தாலும் காவியாலும் எழுதுவார்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் இருப்பார். மற்றவர்களுக்குத் தகரம் உதவும். தகரத்தில் சின்னத்தின் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, சுவரில் வைத்துச் சாயம் தடவினால் ஒரே மாதிரி நூறு சின்னம் போடலாம்.

அச்சகத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் பழைய பத்திரிகைத் தாள் கைகொடுக்கும். அதன்மேல் பெரிய எழுத்தில் சிவப்பு மையால் எழுதி, மூங்கில் தட்டியில் ஒட்டி, நாற்சந்தியில் நிறுத்துவார்கள். பசை, மைதா மாவில் காய்ச்சியது. அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

இதிலே அடாவடியும் நடக்காமல் இல்லை. வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரைப் பாழாக்கியதும் உண்டு. ஒரு கட்சியின் எழுத்தை மறு கட்சி தார் பூசி அழித்ததும் உண்டு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்தது.

இன்றைய தொண்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில:

அரசாங்கக் கட்டடத்தில் எழுதக் கூடாது. தனியார் சுவரானால் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். அச்சடிக்கும் தேர்தல் நோட்டீசில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது.

டீக்கடைப் பிரசாரம்

சுவரை விடப் பலம் வாய்ந்தது டீக்கடை. அங்கே ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் காது கொடுப்பார்கள். முடிவெட்டும் கடையிலும் இதே காட்சி. கட்சிக்காரர்கள் கீற்றுக் கொட்டகை போட்டுப் படிப்பகம் திறந்தார்கள். படிக்கத் தெரியாதவரும் அங்கே வந்து உட்கார்ந்து சேதி கேட்டார். நாடகம் போட்டுக் கட்சியின் கருத்தைப் பரப்பினார்கள்; அதற்கு டிக்கெட் விற்று நிதியும் சேர்த்தார்கள்.

1967-ல் நடந்தது

1957-ல் முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய தி.மு.க.வுக்குச் சட்டசபையில் 15 இடம் கிடைத்தது. 1962-ல் 50 இடம். 1967 தேர்தலுக்கு 10 லட்சம் ரூபாய் திரட்ட முனைந்து, 11 லட்சம் திரட்டினார்கள். பெரிய தொகைதான். ஆனால், 234 சட்டசபைத் தொகுதிகளுக்கும் பங்கு போட்டால், தொகுதிக்கு 5 ஆயிரம் ரூபாய் கூடத் தேறாது! மீதியைத் தொண்டர்களின் கால்கள் பார்த்துக்கொண்டன.

அப்போது அரிசிப் பஞ்சம். விலைவாசி ஏறியிருந்தது. ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு, விலை ‘என்னாச்சு’ என்று கேட்கும் எதுகைக் கோஷம் தெருத்தெருவாய்ப் பரவியது. குழந்தைகள் அதை விளையாட்டாகச் சொல்லித் திரிந்தன. அடுப்படியில் இருந்த தாய்மார்கள் காதிலும் அது விழுந்தது. அரிசிக் கவலை அவர்களுடைய கவலை அல்லவா?

விருதுநகரில் மாணவர்கள் வீடு வீடாகப் படியேறி ஓட்டுக் கேட்டார்கள். அங்கே பெருந்தலைவர் காமராஜரை எதிர்த்து நின்றவர், மாணவர் தலைவர் சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டு. காமராஜர் தோற்றார்! தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது.

எழுதுவது எளிது

அந்தத் தேர்தலில் ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். சுவரில் எழுத எத்தனை சுண்ணாம்பு ஆகும்? ஆனால், அரிசி போட எத்தனை கோடி ஆகும்! ஆட்சிக்கு வந்ததும் 1967-லேயே சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டத்தைத் தொடங்கினார்கள். பணம் இல்லாததால் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டு போக முடியவில்லை. கோஷம் போட்ட தொண்டர் அதே தெருவில்தான் குடியிருந்தார். எங்கே அரிசி என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் அவர்தான்.

சட்டசபைத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று 2022-ல் தமிழ்நாட்டுக்கு வகுத்த உச்ச அளவு 40 லட்சம் ரூபாய். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை அதற்கு எங்கே போவான்? அவனும் தேர்தலில் நிற்க வேண்டுமானால், இந்தச் சில்லறை வழிகள் சாகக் கூடாது.

கூலிக்கு ஒட்டுகிற ஆள் ஒட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். பக்கத்து வீட்டுத் தம்பி அப்படிப் போக முடியாது. நாளைக்கும் அவன் நம் முகத்தில் விழிக்க வேண்டும். அவன் சொல்லுக்கு மதிப்பு இருப்பது அதனால்தான். அந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொள்வதும் அவன் பொறுப்புதான்.