“நில், யோசி, செயல்படு”: எச்சரிக்கை மட்டும் போதுமா?

2024 அக்டோபர் 27. ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி, போலீஸ் அதிகாரியைப்போல நடித்து ஒருவரை மிரட்டும் மோசடிக்காரரின் உரையாடலை ஒலிக்கச் செய்தார். ‘டிஜிட்டல் கைது’ என்பது இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை என்று விளக்கிய அவர், இத்தகைய அழைப்பு வந்தால் நின்று, யோசித்து, அதன்பின் செயல்படுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் நடத்தும் பொறுப்பு பிரதமர் வரை வந்து சேர்ந்தது எப்படி?

2004 ஜனவரியில் ‘செர்ட்-இன்’ எனப்படும் கணினி அவசர நடவடிக்கைக் குழு தில்லியில் செயல்படத் தொடங்கியபோது, வைரஸ் குறித்த அதன் எச்சரிக்கைகள் பெரும்பாலும் கணினிப் பிரிவு அதிகாரிகளுக்கானவையாகவே இருந்தன. மறு ஆண்டு தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. விழிப்புணர்வுப் பணி ஹைதராபாதிலுள்ள சி-டாக் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் கணினியின் இடத்தைச் செல்பேசி பிடித்தது. வங்கியும் அதற்குள் வந்தது. உள்துறை அமைச்சகம் களத்தில் இறங்கியது. 2019-ல் இணையவழிப் புகார்த் தளம், கல்வி நிலையங்களில் மாதத்தின் முதல் புதன்கிழமை விழிப்புணர்வு நாள், இப்போது 1930 என்ற உதவி எண் என முயற்சிகள் தொடர்ந்தன.

ஆயினும் கணக்கு வேறு கதை சொல்கிறது. இணையவழி மோசடியில் 2023-ல் மக்கள் இழந்த தொகை ரூ.7,465 கோடி, 2024-ல் அது ரூ.22,845 கோடி என 2025 ஜூலையில் மக்களவையில் அரசே தெரிவித்தது. 2021-ல் ஏற்படுத்தப்பட்ட உடனடிப் புகார் முறையால் அதுவரை கைநழுவாமல் காப்பாற்றப்பட்டது ரூ.5,489 கோடி. நான்கு ஆண்டுகளில் காப்பாற்றியது, ஒரே ஆண்டில் இழந்ததில் கால் பங்குக்கும் குறைவு.

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பது பழைய பாடம். இன்றைய மோசடிக்காரர் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. சி.பி.ஐ., சுங்கத் துறை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் என்று அரசின் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுகிறார். அரசு முத்திரையுடன் ஒரு தாள் வந்தாலே கைகால் நடுங்கும் நாட்டில் அந்த மிரட்டல் பலிக்கிறது. ஓய்வு பெற்ற அதிகாரிகளும் பேராசிரியர்களும்கூடத் தப்பவில்லை. ஆக, அறியாமையைவிட அச்சமே அவருக்குப் பெரிய முதலீடு.

அந்த அச்சத்தைப் போக்க வேண்டிய அரசின் அணுகுமுறையிலும் ஆணையிடும் தொனியே மேலோங்குகிறது. 2025-ல் ஒவ்வோர் அழைப்புக்கும் முன்பு ஒலித்த அமிதாப் பச்சனின் எச்சரிக்கை, அவசர அழைப்புகளையும் தாமதப்படுத்துவதாக எழுந்த முணுமுணுப்புக்குப் பிறகு ஜூனில் நின்றது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில், புதிய செல்பேசிகள் அனைத்திலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை முன்கூட்டியே பதிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. வேவு பார்க்கும் முயற்சி இது என எதிர்க்கட்சிகள் கொதித்தெழ, டிசம்பர் 3-ல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. திருட்டுப் போன செல்பேசியை முடக்க உதவும் பயனுள்ள செயலிதான். கட்டாயம் என்றதும் ஐயம் பிறந்தது.

பெயர்களையும் பார்க்க வேண்டும். ‘சைபர் தோஸ்த்’, ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’, ‘ஜாக்ரூக்தா திவஸ்’ என எல்லாம் இந்தியில். செய்திகள் பல மொழிகளில் வெளியானாலும், பெயரிலேயே அன்னியப்பட்டுப் போகும் எச்சரிக்கை சிற்றூர் மூதாட்டியின் மனதில் எப்படிப் பதியும்?

இழப்பு யாருடையது என்பதே அடிப்படைக் கேள்வி. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் தரும்வரையிலான இழப்பு அவருடையதே என 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்தது. விழிப்புணர்வுப் பிரசாரத்தின் உட்பொருளும் அதுவே: நாங்கள் சொல்லிவிட்டோம், இனி உங்கள் பாடு.

உச்ச நீதிமன்றம் வேறு திசையில் பார்க்கத் தொடங்கியுள்ளது. அந்த நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவுகளைக் காட்டி, ஹரியாணாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியிடம் ரூ.1 கோடிக்கு மேல் பறிக்கப்பட்டதை 2025 அக்டோபரில் அது தாமாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1-ல் ‘டிஜிட்டல் கைது’ வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்த நீதிபதிகள், மோசடிப் பணம் பாயும் கணக்குகளைத் திறக்க உடந்தையாக இருந்த வங்கி அதிகாரிகள் மீது ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழும் விசாரிக்கலாம் என்றனர். அத்தகைய கணக்குகளை உடனுக்குடன் கண்டறிந்து முடக்கும் தொழில்நுட்பம் ஏன் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று ரிசர்வ் வங்கியிடமும் கேட்டுள்ளனர்.