நிலத்தின் புளிப்பும் எருவின் பண்பும்

எரு இட்டால் நிலம் வளம் பெறும் என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் நாம் இடும் பொருள்களில் சில நிலத்தின் புளிப்பைக் கூட்டுகின்றன, சில குறைக்கின்றன. ஒரு நிலத்துக்கு மருந்தாகும் பொருள் மற்றொரு நிலத்துக்குத் தீங்காவதும் உண்டு. அது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத் தன்மையை, அளப்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. டென்மார்க் நாட்டு வேதியியல் அறிஞர் சோரென்சென் 1909ஆம் ஆண்டில் வகுத்த அதனைப் பி.எச். என்பர். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எண் ஒன்று இறங்கினால் அமிலம் பத்து மடங்கு பெருகும். பி.எச். 5.5க்குக் கீழே போய்விட்டால், மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியின் வளர்ச்சியைத் தடுக்கும். மணிச்சத்து பயிருக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களும் நலியும்.

மழை மிகுந்த இடங்களில் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து போய்விடுகிறது. நீலகிரி மலையின் மண் புளிப்பாக இருப்பதற்கு இதுவே முதற் காரணம். தருமபுரி மாவட்டத்து இண்டூர்ப் பகுதியின் நிலை வேறு. கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் விளையும் இச்சீமையில் மழை குறைவு. ஆகவே சுண்ணாம்புச் சத்து அவ்வளவாகக் கரைந்து போவதில்லை. இம்மாவட்டத்தில் பல வயல்கள் நடுநிலையிலோ காரம் சற்று மிகுந்தோ இருக்கின்றன. எனினும் மணற்பாங்கான செம்மண்ணில் களியும் மக்கும் குறைவு. மாறுதலைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. நாம் இடும் பொருளின் விளைவு அதில் விரைவில் தெரியும்.

முதலில் இரசாயன உரங்களைக் காண்போம். அம்மோனியம் சல்பேட்டில் உள்ள அம்மோனியத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. நூறு கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கச் சுமார் 110 கிலோ சுண்ணாம்புக் கல் தூள் வேண்டும்; யூரியாவுக்குச் சுமார் 80 கிலோ. காரம் மிகுந்த வயலில் இதனால் கேடில்லை. ஏற்கெனவே புளித்த வயலிலோ ஆண்டுக்கு ஆண்டு தீங்கு திரளும்.

இதற்குச் சான்று இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரில் இருக்கிறது. அங்கே 1972ஆம் ஆண்டு முதல் ஒரே நிலத்தில் மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிட்டு ஆராய்ந்து வந்துள்ளனர். தழைச்சத்து உரம் மட்டுமே இட்ட பாத்தியில் மண் மேன்மேலும் புளித்து, நாளடைவில் விளைச்சலே அற்றுப்போயிற்று. மூன்று சத்துக்களோடு தொழு உரமோ சுண்ணாம்போ சேர்த்திட்ட பாத்திகள் நல்ல விளைச்சல் தந்து வந்தன. நமக்கு அண்மையில், பெங்களூரின் செம்மண்ணில், 1986 முதல் கேழ்வரகு பயிரிட்டு நடத்தும் ஆய்வும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது.

தொழு உரத்தின் சிறப்பு யாது? மாடு தின்ற தீவனத்திலிருந்த சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்துக்கள் அதன் வழியே நிலத்துக்கே மீள்கின்றன. அதன் மக்குப் பொருள் கரைந்த அலுமினியத்தைப் பற்றிக்கொள்கிறது. மண்ணின் நிலை திடீரென மாறாமல் தாங்குகிறது. அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். ஆனால் சாம்பலையோ சுண்ணாம்பையோ எருக்குழியில் கலந்து வைத்தால் தழைச்சத்து அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடும். அவற்றைத் தனியே இடுவதே முறை.

இனி, பலரும் மயங்கும் ஓரிடம் உண்டு. சுண்ணாம்பும் ஜிப்சமும் வெண்மையானவை. இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. எனவே இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று கருதுவது பிழை. சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும், ஜிப்சம் முறிக்காது. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் இடுவது காய் திரள வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்கும் கந்தகத்துக்குமாகவே. களர் நிலத்தில் அது சோடியத்தை வெளியேற்றிக் காரத்தைத் தணிக்கும். காரமான நிலத்தில் சுண்ணாம்பைக் கொட்டினாலோ, இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிட்டாமல் இலை வெளிறும்.

ஆகவே, அண்டை வயலுக்கு இட்டதை நம் வயலுக்கும் இடுவது அறிவுடைமை ஆகாது. வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில், சாணம் குவித்த இடத்தையும் வரப்போரத்தையும் விலக்கி, பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இப்பணியைச் செய்கின்றன. இண்டூர்ப் பகுதியினர் தம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் யோசனை பெறலாம்.

மாணவ நண்பர்களே, பள்ளியில் லிட்மஸ் தாளின் நிறம் மாறக் கண்டிருப்பீர்கள். அந்த அறிவைச் சோதனைச்சாலையோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டு வயலின் பி.எச். எண் என்ன என்று கேட்டறியுங்கள். நோய் இன்னதென்று தெரிந்த பின்னரே மருந்து. நிலத்துக்கும் அதுவே நெறியாகும்.