காசில்லை என்று நோயை மறைக்க வேண்டாம்

போர் முடிந்தாலும் அது விட்டுச் சென்ற சுமைகள் முடிவடையவில்லை. கணவனை இழந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடி அலைபவர், அங்கவீனமான கணவனைப் பராமரிப்பவர் என எத்தனையோ பெண்கள் இன்று குடும்பத்தைத் தனித்துத் தாங்கி வருகின்றனர். வீட்டில் எல்லோருடைய வருத்தத்தையும் கவனிக்கும் இவர்கள் தமது உடம்பை மாத்திரம் கவனிப்பதில்லை.

குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற யாழ் நகரின் கரையோரக் குடியிருப்புகளுக்குச் சமூகப் பணியாளராக நான் செல்லும்போது அடிக்கடி கேட்கும் பதில் இது: "எனக்கென்ன பிள்ளை வருத்தம்? பொழுது விடிஞ்சா வேலைக்கு ஓட வேணும். ஆஸ்பத்திரிக்குப் போய்க் குந்தியிருந்தா அண்டைக்கு அடுப்பு எரியாது."

அண்மையில் சந்தித்த ஒரு சகோதரிக்கு வயது நாற்பத்திரண்டு. நாட்கூலிக்கு மீன் துப்புரவாக்கும் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். மார்பில் ஒரு கட்டி இருப்பதை ஒரு வருடமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. "லட்சக் கணக்கில முடியும் எண்டு சொல்லுவினம். எங்க போறது? அதோட, ஆம்பிளை டொக்டருக்கு எப்பிடிக் காட்டுறது?" என்று கேட்டார். அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு சதமும் வாங்காமல் மார்பைப் பரிசோதிக்கும் கிளினிக் நடப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குடும்பநல உத்தியோகத்தருடன் அவரை அங்கு அழைத்துச் சென்றோம். இன்று சிகிச்சை பெற்று வருகிறார். ஒரு வருடத்துக்கு முன்னரே வந்திருந்தால் சிகிச்சை இன்னும் இலகுவாக இருந்திருக்கும்.

இது தர்மம் அல்ல, உரிமை

யாழ்ப்பாணத்தில் ஏழைகளுக்கான வைத்தியம் தர்மமாகவே தொடங்கியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்ததுடன் தமிழிலேயே மருத்துவமும் கற்பித்தார். 1898 இல் இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் திறக்கப்பட்டது. நாம் "பெரியாஸ்பத்திரி" என்றழைக்கும் யாழ் போதனா வைத்தியசாலையும் 1850 இல் ஒரு தர்ம சங்கத்தினாலேயே ஆரம்பிக்கப்பட்டது.

பின்னர் அரசு இப்பொறுப்பை ஏற்றது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராமல், மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் முறை அதிலிருந்து நாடெங்கும் பரவியது. 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. ஆகவே, கிளினிக்கில் கிடைக்கும் சேவை யாரோ இரங்கித் தருவதல்ல. நாம் வாங்கும் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் செலுத்தும் வரியிலிருந்து வருவது அது.

அருகில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு பிரதேசத்திலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உண்டு. அதன்கீழ் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக் 1996 இல் நாட்டில் ஆரம்பிக்கப்பட்டது. முப்பத்தைந்து வயதான பெண்கள் கட்டாயம் ஒருமுறை செல்ல வேண்டும். இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியன அங்கு பரிசோதிக்கப்படுகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருமுன்னரே அதன் அறிகுறியைக் கண்டுபிடித்து முற்றாகத் தடுக்கலாம். இந்நோய்க்கான தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையில் போடப்படுகின்றது. மகளுக்குப் போடுவதற்குத் தயங்காமல் சம்மதம் கொடுங்கள்.

நித்திரையின்மை, காரணமில்லாத அழுகை, நெஞ்சு படபடப்பு போன்றவையும் வருத்தங்களே. அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளும், 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் சாந்திகமும் இதற்கு உதவுகின்றன. அவசர வேளையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இலவசமும் செலவுதான்

"இலவசம் எண்டு சொல்லுறியள், ஆனா எங்களுக்குச் செலவுதானே" என்று பெண்கள் சொல்வதை நான் மறுப்பதில்லை. ஒரு நாள் கூலி, பஸ் காசு, சின்னப் பிள்ளையைப் பார்க்க ஆள் ஆகியன யாவும் செலவுகளே. 2022 பொருளாதார நெருக்கடியின்போது பல மருந்துகளை வெளியில் வாங்க வேண்டியும் ஏற்பட்டது. கடன்பட்டுத் தனியாரிடம் "சனல்" பண்ணியவர்களும் உண்டு. இவற்றுக்கு மேலாக, சிடுசிடுப்பான ஒரு சொல்லுக்குப் பயந்து கிளினிக் கொப்பியையே மூடி வைத்தவர்களும் உண்டு.

இதற்கு வழி என்ன? வசதி மிக்க அமெரிக்காவில் காப்புறுதி இல்லாத ஏழைகளுக்கு வைத்தியம் எட்டாக் கனியாக இருந்தது. அங்கு 1965 இல் பொஸ்ரன் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கப்பட்டது. அடுத்து மிசிசிப்பி மாநிலத்தில் தொடங்கிய நிலையத்தில், பட்டினியால் வாடிய பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்தார்கள். இன்று அந்நாட்டில் அரச நிதி பெறும் இத்தகைய நிலையங்களின் நிர்வாக சபையில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கு சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

நாம் கற்க வேண்டியது இதைத்தான். எமது வைத்தியசாலைகளிலும் நோயாளர் நலன்புரிச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் கூலிவேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர்? கிளினிக் நாளை மாற்ற முடியுமா, பெண் வைத்தியர் வரும் நாள் எது, மருந்து ஏன் இல்லை என்று கேட்பதற்கு அங்கே எமது குரல் வேண்டும்.

சகோதரிகளே, இன்றே செய்யக் கூடியவை

- உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளைக் கேட்டு வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அவர் பொறுப்பானவர்.

- தனியே போக வெட்கமாயின் அயலில் நாலைந்து பேராகச் சேர்ந்து செல்லுங்கள். ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க, மற்றவர்கள் போய் வரலாம். அடுத்த முறை மாறிக்கொள்ளலாம்.

- கிளினிக் கொப்பியைக் கவனமாக வைத்திருங்கள். சுகம் போலத் தெரிந்தாலும் சீனிக்கும் பிறசருக்கும் தரும் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

- மாதர் சங்கக் கூட்டத்தில் கடன், சேமிப்புப் பற்றிப் பேசும்போது சுகத்தையும் பேசுங்கள். கிளினிக்கில் உள்ள குறைகளை எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுங்கள்.

பிள்ளைகளுக்காகவே வாழ்கிறேன் என்று சொல்லும் தாய்மாரே, அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தும் இதுவரை சோதிக்காதவர்கள் இந்த மாதமே ஒரு நாளை உங்களுக்காக ஒதுக்குங்கள்.