வானம் வீட்டு முற்றமன்று

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு எல்லையிலுள்ள அலாஸ்கா, இலங்கையைப் போல் ஏறக்குறைய 26 மடங்கு பரப்புடையது. ஆயினும் அதன் சிற்றூர்களுட் பெரும்பாலானவற்றை வெளியுலகுடன் இணைக்க வீதி கிடையாது. தலைநகரான ஜூனோவுக்கும் தரைமார்க்கமாகச் செல்லல் இயலாது. ஆதலின் தபாலும் மருந்தும் நோயாளியும் சிறு விமானங்களையே நம்பியிருத்தல் வேண்டும். அங்கே பலர் மோட்டார் வண்டி ஓட்டுவது போல விமானம் ஓட்டுகின்றனர்.

பழகப் பழக அச்சம் நீங்கும். அச்சம் நீங்கிய இடத்தில் அலட்சியம் குடிபுகுவதும் உண்டு.

வைலி போஸ்ட் என்பார் 1933இல் தன்னந்தனியாக விமானத்தில் உலகைச் சுற்றிய முதல்வர். அத்தகைய வல்லவர், வேறுவேறு விமானங்களின் பாகங்களை ஒன்றாக்கிப் பெரிய மிதவைகளும் பொருத்திய ஒரு விமானத்தில் அலாஸ்கா சென்றார். அதன் முன்பாரம் மிகுதி. 1935 ஆகஸ்ட் 15இல் மூடுபனியில் வழி தவறி, ஒரு களப்பில் இறங்கி, அங்கிருந்தோரிடம் வழி கேட்டார். மீண்டும் மேலெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றது. விமானம் தலைகீழாக நீரில் வீழ்ந்தது. அவரும், உடன் சென்ற புகழ்பெற்ற நகைச்சுவையாளர் வில் ரொஜர்ஸும் மாண்டனர்.

1972 ஒக்டோபர் 16இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களான ஹேல் பொக்ஸ், நிக் பெகிச் ஆகியோர் அங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் புறப்பட்டனர். விமானத்திற் படியும் பனிக்கட்டிக்கு அத்துணை அஞ்ச வேண்டியதில்லை என்னும் போக்கில் விமானச் சஞ்சிகையில் எழுதியவரே அவர்களுடைய விமானி. விமானம் மறைந்தது. 39 நாட்கள் தேடினர். உயிர்காப்புச் சமிக்ஞை எதுவும் கேட்கவில்லை. விமானம் இன்றுவரை அகப்படவில்லை. ஆகவே விபத்தின் காரணமும் வெளிப்படவில்லை.

அலாஸ்காச் சட்டம் நெடுங்காலம் விமானிகளுக்கு வகுத்திருந்த பட்டியலைப் பாருங்கள்: ஒவ்வொருவருக்கும் பல நாள் உணவு, கோடரி, முதலுதவிப் பெட்டி, தூண்டில், தீமூட்டும் பொருள், முகத்துக்கு நுளம்பு வலை, மாரிக்குப் பனிமிதியடியும் கம்பளியும். பறப்பதற்கு இவற்றுள் ஒன்றேனும் உதவாது. இறங்கக்கூடாத இடத்தில் இறங்க நேரின், தேடுவோர் வருமளவும் உயிரைத் தாங்கவே இவை வேண்டும்.

செல்லும் வழியையும் சேரும் நேரத்தையும் முன்னரே ஒருவரிடம் அறிவித்தல், வானிலை தீயதாயின் பயணத்தை நிறுத்தல், பாரத்தை நிறுத்து அறிதல் என்பன மிகச் சிறு காரியங்களே. இவற்றைத் தொடக்கப் பயிற்சியாளன் மறப்பதில்லை. தேர்ந்தவனே பலகால் மறக்கின்றான். திறமை வளருந்தோறும் எச்சரிக்கையும் உடன் வளர்தல் வேண்டும் என்பதே அத்தூர தேசம் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம்.