கோதுமையும் கல்லீரலும்

கல்லீரல் கெட்டது என்றால் மதுவே காரணம் என்று நம் ஜனங்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். மதுவைத் தீண்டாதவரென்றால் காமாலைக் கிருமியையும், உடற்பருமனையும், உட்கொண்ட மருந்துகளையும் சந்தேகிக்கிறார்கள். இவை ஒன்றுமே இல்லையென்று தெரிந்த பிறகும், ரத்தப் பரிசோதனையில் ஈரலின் என்ஸைம்கள் உயர்ந்தே நின்றால் என் செய்வது? அத்தகையோரில் சிலருக்கு வியாதியின் மூலம் குடலில் இருக்கிறது. அதைத் தூண்டுவது நித்தியம் உண்ணும் சப்பாத்தி.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தைச் சிலருடைய தேகம் சத்துருவாகப் பாவித்து, அந்தப் போராட்டத்தில் தன் சிறுகுடலின் உட்சுவரையே சிதைத்துக்கொள்கிறது. இதுவே சீலியாக் நோய். குடலின் ரத்தம் நேரே ஈரலுக்குச் செல்வதால், சிதைந்த சுவரைக் கடந்துவரும் நச்சுப் பொருள்கள் அதைத் தாக்குவதாக வைத்தியர்கள் கருதுகிறார்கள். 1995-ல் இத்தாலியில் வெளியான ஆராய்ச்சியொன்றில், இந்நோயுள்ள 158 பேரில் 67 பேருக்கு ஈரல் என்ஸைம்கள் உயர்ந்திருந்தன. குளூட்டனை விலக்கியதும் ஓராண்டில் பெரும்பாலோர் சீரடைந்தனர். 2002-ல் பின்லாந்து வைத்தியர்கள், கடும் ஈரல் நோயுற்ற நால்வர் இதே பத்தியத்தால் தேறியதைத் தெரிவித்தார்கள்.

இது வடநாட்டு வியாதியன்றோ, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். 2016-ல் வெளியான இந்திய ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. வடக்கே 100-க்கு 1.23 பேருக்கும், வேலூரைச் சேர்ந்த தென்பகுதியில் 0.10 பேருக்கும் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்பட்டது. ஆனால் இதற்கு இடமளிக்கும் பிறவி அம்சமோ வடக்கே 38.1 சதவிகிதம், தெற்கே 36.4 சதவிகிதம். பெரும் பேதம் உணவில்தான்: அங்கே தினம் சராசரி 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். நம்மைக் காத்தது நம் இரத்தமன்று, அரிசிச் சோறே என்று எண்ண இடமிருக்கிறது.

இன்றைய தாம்பரத்தைப் பாருங்கள். விமானப்படைத் தளத்திற்கும், கட்டட வேலைகளுக்கும் வடநாட்டார் வந்து குடியேறியிருக்கிறார்கள். பல்லாவரம் முதல் வண்டலூர் வரை, நீரிழிவுக்கு அஞ்சி இரவில் சப்பாத்தி உண்ணாத வீடு அரிது. பரோட்டாக் கடையில்லாத தெரு அதனினும் அரிது. குரோம்பேட்டையிலேயே ஈரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பேர்பெற்ற ரேலா ஸ்தாபனம் இருக்கிறது. அத்தகைய பெருஞ் சிகிச்சை வரை போகுமுன், சிறிய ரத்தப் பரிசோதனையொன்றை நினைப்பது விவேகமல்லவா?

டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராக உடலில் தோன்றும் எதிர்ப்பொருளைத் தேடுவது அப்பரிசோதனை. அதில் நோய்க்குறி தென்பட்டால், எண்டாஸ்கோப்பி மூலம் குடலின் சிறு துணுக்கை எடுத்து உறுதி செய்வார்கள். முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குச் செல்லலாகாது. சென்றால் நோய் மறைந்து நிற்கும். நோய் உறுதியானாலோ பத்தியம் ஆயுள் முழுமைக்கும் உரியது. ரவை, சேமியா, மைதா, பிஸ்கோத்து மட்டுமன்றி, மாவு கலந்த கூட்டுப் பெருங்காயமும் விலக்கத்தக்கதே. அரிசி, கேழ்வரகு, கம்பு, சாமை எல்லாம் தாராளமாக உண்ணலாம். வடநாட்டு நோயாளிக்குப் பெருஞ் சோதனையாகும் பத்தியம் நமக்குப் பாட்டி காலத்துச் சமையலே.

எல்லோரும் கோதுமையைக் கைவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. வெகு சிலருக்கே உரிய நோயைக் கண்டு எல்லோரும் நடுங்குவது பேதைமை. ஆனால் அந்தச் சிலரைக் குடிகாரரென்று சந்தேகித்து, மூலகாரணத்தை விட்டுவிடுவது அநீதி. காரணம் விளங்காத ஈரல் கோளாறுடன் தாம்பரம் வட்டார அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வரும் ஏழைக்கும் இப்பரிசோதனை இலவசமாகக் கிடைக்கும்படி அதிகாரிகள் உறுதி செய்ய வேண்டுமென்பதே நமது கோரிக்கை.